கடைமடைக்கு எட்டாத கார்பன்

“ஹார்ட்னஸ் ஏறவில்லை சார்” என்றபடி ஆபரேட்டர் ஒரு ஷாஃப்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பம்புக்குப் போகும் ஷாஃப்ட், இ.என்.8 என்ற ரக இரும்பு. பேரிங் உட்காரும் இடத்தை மட்டும் இண்டக்‌ஷன் முறையில், அதாவது மின்சாரம் பாயும் காயிலுக்குள் வைத்துத் தோலைச் சில நொடி சிவக்கச் சூடாக்கி, உடனே தண்ணீரால் தணித்துக் கடினப்படுத்த வேண்டும். வரைபடம் கேட்டது கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50 முதல் 55. கருவியில் வைத்துப் பார்த்தேன்: 44. சற்றுத் தள்ளி 47. இன்னும் கொஞ்சம் திருப்பினால் 42. முந்தின வாரம் வரை இதே ஷாஃப்ட், இதே காயிலில், இதே செட்டிங்கில் 53, 54 என்று வந்துகொண்டிருந்தது.

கோவையில் வெப்பப் பதனிடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட காலைப்பொழுதுகள் பழக்கம்தான். முதலில் தண்ணீரைச் சந்தேகிப்போம். தணிக்கும் நீர் சூடேறிவிட்டதா, தெளிப்பு வளையத்தின் துளைகள் அடைத்துக்கொண்டனவா என்று பார்ப்போம். அடுத்து காயிலுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதற்கடுத்து மின்சாரம். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் பழி இரும்பின்மேல் விழும். “வேறு இரும்பைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்” என்ற பேச்சு அன்றும் கிளம்பியது. ஒரு துண்டை வெட்டி ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பினோம். கார்பன் 0.41 சதவிகிதம், மாங்கனீசு 0.74. இ.என்.8 என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

துப்பு கிடைத்தது லேத் பட்டறையில். ஷாஃப்டைக் கடைந்து கொடுத்தவரிடம் போனில் கேட்டேன். அவர் குரலில் உற்சாகம். “இந்தத் தடவை வந்த கம்பி வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது சார். ஒரு டூல் இரண்டு டூலுக்கு உழைக்கிறது. இனி இதே கம்பியை வாங்கச் சொல்லுங்கள்” என்றார். அந்த வெண்ணெயில்தான் என் 44 ஒளிந்திருந்தது.

அதே கம்பியிலிருந்து, கடினப்படுத்தாத ஒரு வில்லையை அறுத்து பேக்கலைட்டில் பதித்தேன். எமரித் தாளில் ஒவ்வொரு தரமாகத் தேய்த்து, பிறகு சுழலும் துணியில் அலுமினா பொடியிட்டு மெருகேற்றினால், இரும்பு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். அந்த நிலையில் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை. ஆல்கஹாலில் இரண்டு சதவிகிதம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டால் கரைசலை அதன்மேல் பஞ்சால் ஒற்ற வேண்டும். ஐந்தாறு நொடியில் கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல் முகம் மங்கும். அந்த மங்கலில்தான் இரும்பின் உள்ளமைப்பு எழுந்து வரும். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இந்த ஒரு நொடி எனக்குச் சலிக்கவில்லை.

அன்று தெரிந்தது இது. பெரிய பெரிய வெள்ளைத் திட்டுகள். ஒவ்வொன்றும் நாற்பது, ஐம்பது மைக்ரான் அகலம். அவை ஃபெர்ரைட், ஏறத்தாழ கார்பனே இல்லாத இரும்பு. அவற்றுக்கு நடுவே கறுத்த தீவுகள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தீவுக்குள்ளும் ஓலைப்பாய்போல மெல்லிய வரிகள்: ஒரு வரி ஃபெர்ரைட், ஒரு வரி சிமெண்டைட் என்ற கார்பன் செறிந்த இரும்புக் கார்பைடு. ஷெஃபீல்டில் 1860-களில் இரும்பை முதன்முதலாக இப்படி மெருகேற்றி, அமிலமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி, இந்த வரிகள் முத்துப்போல் மினுங்குவதைச் சொல்லிவைத்தார். அதனால்தான் இதற்குப் பியர்லைட் என்று பெயர்.

முந்தின லோடு கம்பியின் பழைய வில்லை ஒன்று என் டப்பாவில் இருந்தது. அதே அளவு வெள்ளை, அதே அளவு கறுப்பு. ஆனால் வெள்ளைத் திட்டுகள் பத்து மைக்ரான்கூடத் தேறாது. எள்ளும் அரிசியும் கலந்து இறைத்ததுபோல் பொடியாக இருந்தன. பழைய கம்பி நார்மலைஸ் செய்தது, அதாவது சிவக்கச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டது. புதிய கம்பி முழு அனீலிங் செய்தது, உலைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறியது. இரண்டுக்கும் வேதியியல் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று.

இங்கேதான் பலருக்கும் ஒரு கேள்வி எழும். நாம்தான் மறுபடியும் 900 டிகிரிக்குச் சூடாக்குகிறோமே? அந்தச் சூட்டில் பழைய அமைப்பு எல்லாம் கரைந்து, ஆஸ்டெனைட் என்ற உயர்சூட்டு அமைப்பாக ஆகிவிடாதா? சிலேட்டைத் துடைத்து எழுதுவதுபோல் புதிதாகத்தானே தொடங்குகிறோம்? நானும் படித்து முடித்து வந்த புதிதில் அப்படித்தான் நம்பினேன். கல்லூரியில் குளிர்வதைப் பற்றியே படித்தோம். எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தால் என்ன அமைப்பு வரும் என்ற வளைகோடுகளைப் பக்கம் பக்கமாக வரைந்தோம். சூடேறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை.

சூடேறும்போது நடப்பது இதுதான். ஃபெர்ரைட்டில் 727 டிகிரியில்கூட 0.02 சதவிகிதக் கார்பன்தான் தங்கும். சிமெண்டைட்டில் 6.67 சதவிகிதம். அந்த வெப்பநிலையில் பிறக்க வேண்டிய ஆஸ்டெனைட்டுக்குத் தேவை 0.77. ஒன்றில் கார்பன் போதவில்லை, இன்னொன்றில் மிதமிஞ்சிக் கிடக்கிறது. ஆகவே இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லையில்தான் ஆஸ்டெனைட்டின் முதல் முளை கிளம்பும். பிறகு சிமெண்டைட்டைக் கரைத்து, அந்தக் கார்பனை ஃபெர்ரைட் பக்கம் அனுப்பி அனுப்பித்தான் அது வளர முடியும். எல்லைகள் எத்தனை இருக்கின்றன, கார்பன் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற இரண்டையும் முடிவுசெய்வது சூடாக்குவதற்கு முன்பே உள்ளே இருக்கும் அமைப்பு.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இதை நான் வேறு மாதிரி சொல்வேன். ஜூன் 12-இல் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் ஒன்றுதான். வாய்க்காலை ஒட்டிய வயல் உடனே நனைந்துவிடும். கடைமடைக்காரர் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பியர்லைட் என்பது வரப்புக்கு வரப்பு வாய்க்கால் ஓடும் வயல். ஒரு சிமெண்டைட் தகட்டிலிருந்து அடுத்த தகடு வரை உள்ள இடைவெளி மைக்ரானில் பத்தில் சில பங்குதான். அனீலிங் செய்த கம்பியின் பெரிய ஃபெர்ரைட் திட்டோ வாய்க்காலே இல்லாத பெருநிலம். அதன் நடுப்பகுதிதான் கடைமடை.

கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் மலைக்க வைக்கும். ஆஸ்டெனைட்டில் கார்பன் பரவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 900 டிகிரியில் பியர்லைட்டின் பாதி இடைவெளியைக் கடக்க நொடியில் ஆயிரத்தில் சில பங்கு போதும். இருபது மைக்ரான் தள்ளி இருக்கும் ஃபெர்ரைட் நடுப்பகுதியை எட்ட ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். உலையில் அரை மணி நேரம் வைத்தால் அந்த ஒரு நிமிடம் யார் கண்ணிலும் படாது. ஆனால் இண்டக்‌ஷன் காயிலுக்குள் ஷாஃப்ட் சிவந்திருப்பது மூன்று, நான்கு நொடி. அதற்குள் தண்ணீர் பாய்ந்துவிடும். கார்பன் பாதி வழியில் நிற்கும்போதே மடை மூடப்படுகிறது.

இதில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சூட்டை இன்னும் ஏற்றினால் கார்பனே இல்லாத இரும்புகூட 912 டிகிரிக்கு மேல் தானாக ஆஸ்டெனைட் ஆகிவிடும். அப்போது ஷாஃப்டின் தோல் முழுவதும் ஆஸ்டெனைட்தான். கட்டமாற்றம் முடிந்துவிட்டது என்று கருவியும் சொல்லும். ஆனால் கார்பன் வந்து சேர்ந்திருக்காது. பியர்லைட் இருந்த இடத்தில் செறிந்த கார்பனோடு ஓர் ஆஸ்டெனைட், ஃபெர்ரைட் இருந்த இடத்தில் வறண்ட ஆஸ்டெனைட் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும். தணித்ததும் முன்னது கடினமான மார்ட்டென்சைட் ஆகும், பின்னது மென்மையாகவே நின்றுவிடும். கட்டமாற்றம் வேறு, கார்பன் சீராகப் பரவுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் இழந்த நாட்கள் அநேகம்.

அந்த 44 காட்டிய ஷாஃப்டையும் அறுத்துப் பார்த்தேன். கறுத்த ஊசிகளாக மார்ட்டென்சைட். அவற்றின் நடுவே வெள்ளைத் திட்டுகள். பழைய ஃபெர்ரைட் திட்டுகளின் அதே வடிவம், அதே அகலம். வீட்டை இடித்த பிறகும் மண்ணில் சுவர் நின்ற கோடு தெரிவதுபோல இருந்தது. ராக்வெல் கருவியின் கூம்பு பதியும் குழி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம் என்பதால் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து மிதித்துச் சராசரியாக 44 என்று சொல்லியிருக்கிறது. நுண் விக்கர்ஸ் கருவியில் சிறு எடை வைத்துத் தனித்தனியாகக் குத்தினேன். ஊசிகள் இருந்த இடத்தில் விக்கர்ஸ் என்ற வேறு அளவுகோலில் 640. ஒரு தலைமயிர் அகலம்கூடத் தள்ளாத வெள்ளையில் 260.

நமது கையேடுகளின்மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கலை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். சூடேறும்போது ஆஸ்டெனைட் தொடங்கும் வெப்பநிலையை ஏ.சி.1 என்றும், ஃபெர்ரைட் முழுவதும் மறையும் வெப்பநிலையை ஏ.சி.3 என்றும் குறிக்கிறோம். அந்த ‘சி’ எழுத்து சூடாக்குதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இவற்றைக் கணக்கிட 1965-இல் ஆண்ட்ரூஸ் கொடுத்த சூத்திரங்களைத் தொழிற்சாலைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. கார்பனுக்கு ஓர் உறுப்பு, நிக்கலுக்கு ஒன்று, சிலிக்கனுக்கு ஒன்று என்று அதில் உண்டு. முன்பிருந்த நுண்ணமைப்புக்கு இடமே இல்லை. சூடாக்கும் வேகத்துக்கும் இல்லை. மெல்லச் சூடாக்கும் உலைக்கு அந்தச் சூத்திரம் நல்ல துணை. இண்டக்‌ஷனுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. 0.4 சதவிகிதக் கார்பன் இரும்புக்கு உலையில் 830 முதல் 850 டிகிரி போதும் என்றால், இண்டக்‌ஷனில் 870-லிருந்து 925 வரை போக வேண்டியிருக்கிறது. முன்பு கடினப்படுத்தி டெம்பர் செய்த, அதாவது தணித்த பின் மிதமாக மறுபடி சூடாக்கிய இரும்பு என்றால் அந்த வரம்பின் அடியிலேயே வேலை முடியும். அதற்குள் கார்பைடுகள் நீறுபோலப் பொடிந்து எல்லா இடத்திலும் தூவிக் கிடப்பதால் கடைமடை என்று ஒன்றே இல்லை. நார்மலைஸ் செய்தது அதற்கு அடுத்தது. அனீலிங் செய்தது பின்தங்கும். கார்பைடை உருண்டையாக்கி வைத்த இரும்பு எல்லாவற்றுக்கும் கடைசி. உருண்டைகள் பெரியவை, ஒன்றுக்கொன்று தூரம் அதிகம். ஆஸ்டெனைட் அந்த உருண்டையைச் சுற்றி ஓடுபோல் மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் கார்பன் அந்த ஓட்டைக் கடந்துதான் வெளியே வர வேண்டும்.

இதைப் படித்துவிட்டு உருண்டைக் கார்பைடு கெட்டது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பேரிங் வளையம் செய்யும் இ.என்.31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவிகிதக் கார்பன், ஒன்றரைச் சதவிகிதம் வரை குரோமியம். இதைக் கடினப்படுத்தும் முன் கார்பைடை உருண்டையாக்கியே தீர வேண்டும். இங்கே மெல்லக் கரைவதுதான் செல்வம். 840, 850 டிகிரியில் வைத்தால் அந்த ஒரு சதவிகிதக் கார்பனில் ஏறக்குறைய 0.6 சதவிகிதம் மட்டும் ஆஸ்டெனைட்டுக்குள் போகும். மீதி சிறு கார்பைடு உருண்டைகளாகவே நின்று, எஃகின் படிக மணிகளைப் பருக்க விடாமல் பிடித்துக்கொள்ளும், பேரிங்கின் தேய்மானத்தையும் தாங்கும். நீண்ட அனீலிங்கில் குரோமியம் அந்த உருண்டைகளுக்குள் குடியேறியிருக்கும். கார்பனைவிடக் குரோமியம் லட்சம் மடங்குக்கும் மேல் மெதுவாக நகரும் என்பதால் அவை லேசில் கரைவதில்லை.

அதே இ.என்.31-ஐ அடித்து உருவாக்கிய கையோடு, உள்ளே நுண்ணிய பியர்லைட் இருக்கும்போதே, அதே 850 டிகிரியில் அதே நேரம் வைத்தால் கார்பைடு மளமளவென்று கரைந்துவிடும். ஆஸ்டெனைட்டில் கார்பன் 0.1 சதவிகிதம் கூடினால் மார்ட்டென்சைட் தொடங்கும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி இறங்கும். அப்போது தணித்த பிறகும் ஒரு பங்கு ஆஸ்டெனைட் மாறாமல் உள்ளேயே தங்கிவிடும். அது பின்னால், பேரிங் ஓடிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக மாறும், மாறும்போது பருக்கும். மைக்ரான் கணக்கில் உரசி முடித்த வளையத்தின் அளவு கைவிட்டுப் போகும். எந்த வேகம் என் பம்பு ஷாஃப்டுக்குத் தேவைப்பட்டதோ அதே வேகம் இங்கே வளையத்தைக் கெடுக்கிறது.

சூட்டினால் பழையது அழியும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு மதிப்பான வரலாறு உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே ஒபுகோவ் எஃகு ஆலையில் வார்த்த பீரங்கிகள் சுடும்போது வெடித்துச் சிதறின. காரணம் தேடிய திமித்ரி செர்னோவ், உடைந்த முகங்களில் மணிகள் பருமனாக இருப்பதைக் கண்டார். சூட்டின் நிறத்தைக் கண்ணால் அளந்தே இரண்டு புள்ளிகளை வரையறுத்து 1868-இல் ரஷ்யத் தொழில்நுட்பச் சங்கத்தில் சொன்னார். ‘ஏ’ புள்ளிக்குக் கீழே எவ்வளவு வேகமாகத் தணித்தாலும் எஃகு கடினமாகாது. ‘பி’ புள்ளியைக் கடந்தால் பழைய பருமணிகள் மறைந்து அமைப்பு புதுப்பிறவி எடுக்கும். எஃகைச் சூடாக்குவது என்ற கைவேலை ஓர் அறிவியலாகத் தலையெடுத்த இடங்களில் இது ஒன்று. எனக்கு அவர்மேல் அளவற்ற மரியாதை.

ஆனால் அதே நாட்டின் யூரல் பகுதியில், இருபதாம் நூற்றாண்டில், சதோவ்ஸ்கி என்ற உலோகவியலாளர் மறக்காத எஃகு ஒன்று இருப்பதை விரிவாகக் காட்டினார். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த எஃகு ஒருமுறை அதிகச் சூட்டில் பருமணியாகி, அப்படியே மார்ட்டென்சைட்டாகவோ, பெய்னைட் என்ற இன்னொரு அமைப்பாகவோ உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை மெல்ல மறுபடி சூடாக்கினால், மார்ட்டென்சைட் பட்டைகளின் இடுக்குகளில் முளைக்கும் மெல்லிய ஆஸ்டெனைட் தகடுகள் அனைத்தும் பழைய மணியின் திசையிலேயே வளர்கின்றன. வளர்ந்து ஒன்றோடொன்று சேரும்போது அதே பருமணி, அதே எல்லையோடு, மீண்டும் நிற்கிறது. கட்டமாற்றம் முழுமையாக நடந்த பின்னும் பழைய மணி திரும்பிவிட்டது. இதற்கு அமைப்பு மரபு என்று பெயர்.

மின் நிலைய டர்பைனின் ரோட்டர் போன்ற, அடித்து உருவாக்கும் பெரிய உருப்படிகளில் இது வெறும் ஆராய்ச்சி விஷயமல்ல. அத்தனை கனமான இரும்பின் நடுப்பகுதி மெதுவாகத்தான் சூடேறும். மரபு திரும்ப வருவதற்கு அதுவே தோதான வேகம். மணிகள் பருமனாக இருந்தால் மீயொலி அலைகள் சிதறி, உள்ளே விரிசல் இருந்தாலும் தெரியாமல் போகும். அதனால் இடையில் ஒருமுறை அனீலிங் செய்து எஃகை ஃபெர்ரைட், பியர்லைட்டாக மாற்றி அந்த மரபை அறுக்கிறார்கள். அல்லது மறுபடி மறுபடி நார்மலைஸ் செய்கிறார்கள். அங்கே, என்னைப் பாடாய்ப்படுத்திய அனீலிங்கே மருந்து.

என் மேசைக்குத் திரும்புகிறேன். அறுநூறு ஷாஃப்டில் முந்நூற்று நாற்பது மீதி இருந்தன. முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம், மின்திறனைக் கூட்டினோம். 52 வந்தது. கூடவே சாவித்தடத்தின் விளிம்பில் மயிரிழை விரிசலும் வந்தது. கூர்விளிம்பு எப்போதும் மற்ற இடத்தைவிட அதிகம் சூடேறும். அதைத் தாண்டியும் ஏற்ற இனி இடமில்லை. முழு ஷாஃப்டையும் உலையில் நார்மலைஸ் செய்யலாம் என்றால், கடைந்து முடித்த உருப்படி வளையும், செதில் உரியும்.

கடைசியில் பலன் தந்த வழி, அதே காயிலை இரண்டு முறை ஓட்டுவது. முதல் ஓட்டத்தில் திறனைக் குறைத்து, நேரத்தை நீட்டி, தண்ணீரே காட்டாமல் காற்றில் ஆறவிட்டோம். உள் இரும்பு அப்படியே இருக்க, மூன்று மில்லிமீட்டர் தோலுக்கு மட்டும் நுண்ணிய பியர்லைட்டோடு ஒரு புதிய பூர்வீகம் அமைந்தது. நன்றாக ஆறிய பிறகு பழைய செட்டிங்கில் இரண்டாம் ஓட்டம், தண்ணீரோடு. 53, 54, 53. அறுத்துப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொன்னால் அன்று மதியம் சாப்பாடு மறந்துபோயிற்று.

அன்றிலிருந்து நான் விடாமல் கேட்கும் ஒன்று உண்டு. வரைபடத்தில் இரும்பின் பெயர், கடினம், ஆழம் மூன்றும் தவறாமல் இருக்கின்றன. நாலாவதாக ஒரு வரி வேண்டும்: இண்டக்‌ஷனுக்கு முன் இரும்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது. சோதனைச் சான்றிதழில் ‘வழங்கும் நிலை’ என்று ஒரு கட்டம் ஏற்கெனவே அச்சிட்டுத்தான் இருக்கிறது. பெரும்பாலும் அங்கே ஒரு சிறு கோடு கிழித்து விட்டுவிடுகிறார்கள். அந்தக் கோட்டை ஏற்றுக்கொள்வதை நான் நிறுத்திவிட்டேன். கட்டம் காலியாக வரும் லோடு எங்கள் வாசலில் இறங்காது. இறங்கினால் முதலில் ஒரு வில்லை அறுத்த பிறகுதான் காயிலுக்குப் போகும்.

மீதியிருந்த கம்பியை 870 டிகிரியில் நார்மலைஸ் செய்து லேத் பட்டறைக்கு அனுப்பியபோது, அவர் கோபத்தோடு வந்துவிட்டார். “வெண்ணெயாக இருந்ததை ஏன் சார் இப்படிச் செய்துவிட்டீர்கள்? டூல் தேய்கிறது” என்றார். நியாயமான கோபம், தேய்கிற டூல் அவர் காசு. இரண்டு வில்லைகளையும் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினேன். கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அந்த வெண்ணெய்க் கம்பியில் சுருள் நீளநீளமாக வந்தது, இதில் ஒடிந்து ஒடிந்து விழுகிறது. இதனால்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். டூல் செலவுக்காகக் கூலியில் ஒரு தொகை கூட்டுவதென்று அன்றே பேசி முடித்தோம்.

இப்போது புதிய லோடு வரும்போதெல்லாம் முதல் கம்பியின் சுருளை ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதி, ஆள் மூலம் எனக்கு அனுப்பிவிடுகிறார். நீளச் சுருள் வந்த டப்பாவுக்கு மட்டும் மூடியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருப்பார்.